சூடு ஏறும் கம்ப்யூட்டர்

மிக்சியில் மாவு அரைக்கிறோம். நிறுத்தாமல் கால் மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும்? அடிப்பாகம் சுடும். ஒரு மாதிரி வாடை வரும். சில மிக்சிகள் தாமாகவே நின்றுவிடும். ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். மிக்சி கெட்டுப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக் கொள்ள நின்றது. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் ஓடும் பொருள்தான். அதற்குள்ளும் சூடு உண்டாகும். வீடியோ வேலை, விளையாட்டு போன்ற கனமான வேலைகளின்போது பெரும்பாலும் அதிகமாகச் சூடாகும் பாகம் ஒன்று உண்டு. அதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் இது தனியாக இருக்காது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பயன்படும் கம்ப்யூட்டருக்கு இது தேவையில்லை. ஆனால் கல்யாண வீடியோ வேலை செய்யும் ஸ்டுடியோவில் இருக்கும். வீட்டு வரைபடம் போடும் இன்ஜினியர் அலுவலகத்தில் இருக்கும். பிள்ளைகள் விளையாடும் கேம்ஸ் கடையில் இருக்கும். இந்தக் கார்டின் விலை பல ஆயிரம் ரூபாய். சில கார்டுகள் லட்சத்தைத் தாண்டும். சிறிய கடைக்காரருக்கு இது தையல் மிஷின் போல, தறி போல, பிழைப்புக்கான கருவி. ஆகவே இது சூடானால் என்ன செய்வது என்று தெரிந்து கொள்வது நல்லது.

கார்டு செய்யும் வேலை

கம்ப்யூட்டர் திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். சாதாரணத் திரையில் குறுக்காக 1920 புள்ளிகள். மேலிருந்து கீழாக 1080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் வேண்டும். படம் அசைய வேண்டும் என்றால் இந்த நிறங்களை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 1 வினாடிக்கு 60 தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது, ஒரே வினாடியில் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் சொல்ல வேண்டும்!

இந்தக் கணக்கைப் போடுவதற்காகவே கார்டில் ஒரு சிப் இருக்கிறது. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் உள்ளன. அவை எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன.

மின்சாரத்தை வாட் என்ற அளவில் சொல்வார்கள். பழைய மாதிரி சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். ஜி.டி.எக்ஸ். 1650 என்ற சிறிய கார்டும் 75 வாட்தான். ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற நடுத்தரக் கார்டு 170 வாட் வரை எடுக்கும். 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற பெரிய கார்டு 450 வாட் வரை எடுக்கும். ஆறு சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம் அது.

ஃபேன் எடுக்கும் மின்சாரம் காற்றாகிறது. கார்டு எடுக்கும் மின்சாரம் எங்கே போகிறது? கணக்கு போடுவதில் செலவாகிறது என்று நினைப்போம். செலவாகத்தான் செய்கிறது. ஆனால் கடைசியில் ஏறக்குறைய எல்லாமே சூடாகத்தான் வெளியே வருகிறது. 170 வாட் உள்ளே போனால், 170 வாட் சூடு வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே தங்கும்.

கைமாறும் சாந்துச் சட்டி

வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவை போடுகிறார்கள். ஏணியில் வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். சாந்துச் சட்டி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறி மேலே போகிறது. நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கீழே கலவை குவிந்துவிடும்.

சிப்பில் உண்டாகும் சூடும் இப்படித்தான் கைமாறி வெளியே போகிறது. முதல் கை, சிப்பின் மேல் பூசியிருக்கும் பேஸ்ட். பற்பசை போல இருக்கும். இரண்டாவது கை, பேஸ்டின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும் உலோகம். செம்பும் அலுமினியமும் கொண்டு செய்தது. அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இதை ஹீட் சிங்க் என்பார்கள். மூன்றாவது கை, கார்டில் இருக்கும் சிறிய ஃபேன்கள். அவை தகடுகளுக்கு நடுவே காற்றை ஊதும். நான்காவது கை, கேபினட் எனப்படும் பெட்டி. சூடான காற்று பின்பக்கமாக வெளியே போக வேண்டும். குளிர்ந்த காற்று முன்பக்கமாக உள்ளே வர வேண்டும். கடைசியாக அறை.

கார்டு மிகவும் சூடாகிறது என்றால், பெரும்பாலும் சிப்பில் குற்றம் இல்லை. இந்த வரிசையில் ஏதோ ஒரு கை நின்றுவிட்டது. எந்தக் கை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கார்டு வாங்கினால், புதுக் கார்டும் அதே பெட்டியில் அதே மாதிரி சூடாகும்.

ஒரு ஸ்டுடியோவில்

ஓர் உதாரணத்துக்கு ஒரு ஸ்டுடியோவை எடுத்துக் கொள்வோம். கணவன் படம் எடுக்கிறார். மனைவி கம்ப்யூட்டரில் ஆல்பமும் வீடியோவும் தயார் செய்கிறார். வைகாசி மாதம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். முன்பு 40 நிமிடத்தில் முடிந்த வீடியோ வேலை இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிறது. ஃபேன் ஹோ என்று இரைகிறது. ஒரு நாள் திரை கறுத்துப் போய், கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து மறுபடி ஓடியது. சர்வீஸ்காரப் பையனை அழைத்தார்கள்.

"தம்பி, கார்டு போச்சுன்னு சொல்லிடாதப்பா. இப்பதான் தவணை கட்டி முடிச்சோம்" என்றார் அந்தம்மா.

"இருங்க அக்கா. முதல்ல எத்தனை டிகிரின்னு பார்ப்போம். பெட்டியை எங்கே வெச்சிருக்கீங்க?"

"அதோ, மேஜைக்குள்ளே. தூசி படக்கூடாதுன்னு கதவு போட்டு வெச்சிருக்கோம்."

"அக்கா, தூசி படாம இருக்கணும்னு காத்தையும் சேர்த்து அடைச்சிட்டீங்களே!"

அந்தத் தம்பி நல்லவர். பார்க்காமல் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் அப்படி இருப்பதில்லை. ஆகவே அவர் செய்த சோதனைகளை நாமே தெரிந்து வைத்துக் கொள்வோம்.

வேலை ஏன் மெதுவானது? வெயிலில் மண் வெட்டும் ஆள் என்ன செய்வார்? மயங்கி விழுவதற்கு முன் வேகத்தைக் குறைத்துக் கொள்வார். கார்டும் அப்படியே. ஓர் அளவுக்கு மேல் சூடு ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதற்கும் சூடு தணியவில்லை என்றால் அணைந்துவிடும். ஆகவே, கம்ப்யூட்டர் திடீரென மெதுவாவது முதல் அறிகுறி. ஃபேன் இரைச்சல் இரண்டாவது. திரையில் கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ நிறங்கள் சிதறித் தெரிந்தால் அது மூன்றாவது. இதைக் கண்டால் வேலையை உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில கார்டுகளில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவே சுற்றாது. சூடு 50, 60 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சுற்றத் தொடங்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இதைப் பார்த்து ஃபேன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். யாராவது பயமுறுத்தினால் நம்பவும் வேண்டாம்.

எண்ணைப் பாருங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். கார்டுக்கும் தெர்மாமீட்டர் உண்டு. அது சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பக்கம் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். ஜி.பி.யூ. என்று எழுதியிருப்பது நம் கார்டு. அதன் பக்கத்தில் டிகிரி தெரியும். ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன வேலை ஓடுகிறது, எத்தனை டிகிரி. பால் கணக்கு எழுதுவது போல எழுதினால் போதும். சர்வீஸ்காரர் வரும்போது இந்த நோட்டைக் காட்டலாம். எண் கையில் இருந்தால் யாரும் நம்மை எளிதில் ஏமாற்ற முடியாது.

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி வரை இருப்பது வழக்கம். கனமான வேலை ஓடும்போது 65 முதல் 80 வரை போகலாம். கவலை வேண்டாம். என்விடியா நிறுவனத்தின் பல கார்டுகள் 83 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 90 டிகிரி தொடர்ந்து இருந்தால் கவனிக்க வேண்டும். சில மென்பொருள்கள் ஹாட் ஸ்பாட் என்று இன்னோர் எண்ணையும் காட்டும். சிப்பில் மிகவும் சூடான இடம் அது. எப்போதும் முதல் எண்ணைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பல கார்டுகளில் அது 110 டிகிரி வரை போக அனுமதி உண்டு. ஆகவே எந்த எண் என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்!

வெயில் காலக் கணக்கு

தை மாதத்தில் நன்றாக ஓடிய கார்டு சித்திரையில் ஏன் தடுமாறுகிறது? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

கார்டு எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட வேலையில் அறையைவிட 44 டிகிரி அதிகம் என்று வைத்துக் கொள்வோம். அறை 26 டிகிரி என்றால் கார்டு 70 டிகிரி. அறை 40 டிகிரி என்றால் கார்டு 84 டிகிரி. அறை ஏறிய அளவுக்கு ஏறக்குறைய கார்டும் ஏறுகிறது. கார்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் வேகம் குறையும் எல்லையை அது தொட்டுவிட்டது.

வெளிநாட்டுப் பெட்டிகளில் எழுதியிருக்கும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. நம் நாட்டில் நாகபுரியிலும் விஜயவாடாவிலும் மே மாதத்தில் 42, 43 டிகிரி புதிதல்ல. ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. தகரக் கூரை போட்ட கடைக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கனமான வேலையை வெயில் காலத்தில் விடியற்காலையிலோ இரவிலோ ஓட்டுவது புத்திசாலித்தனம். செலவே இல்லாத வைத்தியம் இது.

இரண்டு சோதனைகள்

இப்போது எந்தக் கை நின்றது என்று கண்டுபிடிப்போம்.

முதல் சோதனை. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மூடியை எடுத்த பின் பிளக்கைச் செருகி, அதே வேலையை ஓட்டுங்கள். உள்ளே கை வைக்கக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. 20 நிமிடம் கழித்து டிகிரியைப் பாருங்கள். 8, 10 டிகிரி குறைந்துவிட்டதா? அப்படியானால் கார்டு நன்றாக இருக்கிறது. பெட்டிக்குள் காற்று ஓட்டம்தான் போதவில்லை. குறையவே இல்லையா? அப்படியானால் குறை கார்டிலேயே இருக்கிறது. தூசியோ, ஃபேனோ, பேஸ்டோ.

அந்த ஸ்டுடியோவில் மேஜைக் கதவைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்ததுமே 89 டிகிரி 81 ஆனது. பாதி வியாதி அங்கேயே தீர்ந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி வேண்டும். முன்பக்கத்தையும் அடைக்கக் கூடாது. மேலே துணி போர்த்தி வைத்தால், வேலை ஓடும்போது எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது சோதனைக்குக் கடிகாரம் போதும். கனமான வேலையைத் தொடங்குங்கள். டிகிரி எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். 10, 15 நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினால், அது காற்று சம்பந்தப்பட்ட குறை. வேலை தொடங்கிய சில வினாடிகளிலேயே 85, 90 என்று தாவினால், சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும். அல்லது திருகாணி தளர்ந்திருக்கும். தோசைக்கல் மெதுவாகத்தான் சூடாகும். வெறும் தீக்குச்சி சட்டென்று சுடும். உலோகத்தோடு தொடர்பு அறுந்த சிப் தீக்குச்சி போல. சூட்டை வாங்கிக் கொள்ள ஆள் இல்லை.

தூசி

நம் ஊரில் பத்துக்கு ஏழு குறை தூசிதான் என்று சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். கணக்கெடுத்துச் சொல்வதல்ல, பழக்கத்தில் சொல்வது. ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். தெருப் புழுதி, துணிப் பஞ்சு, தலைமுடி, எல்லாம் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல் படிந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் கடையில் அந்தப் புகையும் சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். சமையலறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் புகை. பிசுபிசுப்பான தூசி ஊதினால் போகாது. பிரஷ் வேண்டும்.

சுத்தம் செய்வது கடினமில்லை. ஆனால் வரிசை தவறக் கூடாது. கம்ப்யூட்டரை அணையுங்கள். சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதிலிருந்தும் கழற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். கார்டு ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருங்கள்.

பெட்டியை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப் போங்கள். அறைக்குள் ஊதினால் அந்தத் தூசி நாளைக்குத் திரும்பி வந்துவிடும். மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் சிறு மின்சாரம் அதில் இறங்கிவிடும். நைலான், பாலியஸ்டர் துணி உடுத்தியிருந்தால் இது மிகவும் அவசியம்.

புதிய, உலர்ந்த பெயிண்ட் பிரஷ் ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். ஃபேன் இறக்கைகளையும் தகடுகளையும் மெதுவாகத் துடையுங்கள். பிறகு புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றினால் அதன் பேரிங் கெட்டுவிடும். பலர் ஃபேன் சர்ரென்று சுற்றுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சந்தோஷம் ஃபேனுக்கு ஆகாது.

ஈரத் துணி கூடவே கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரையும் கார்டின் மேல் வைக்க வேண்டாம். அதன் குழாயில் நிலை மின்சாரம் உண்டாகும். பெட்டிக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்ற தனிப் பெட்டி ஒன்று இருக்கும். கரண்டு கம்பி அதில்தான் செருகியிருக்கும். அதைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

ஊதி முடித்ததும் ஒவ்வொரு ஃபேனையும் விரலால் மெல்லச் சுற்றிவிடுங்கள். லேசாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். உடனே நின்றாலோ, கரகரவென்றாலோ அந்த ஃபேன் போய்விட்டது. ஃபேனை மட்டும் மாற்றலாம். முழுக் கார்டும் வாங்க வேண்டியதில்லை. கார்டின் மாடல் எண்ணை எழுதிக் கொண்டு போனால் ஏற்ற ஃபேன் கிடைக்கும். தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு, இங்கெல்லாம் உதிரிப் பாகக் கடைகள் உண்டு.

நம் ஸ்டுடியோ கார்டில் இரண்டு ஃபேன். ஒன்றின் நடுவில் துணி நூல் சுற்றி இறுகியிருந்தது. படம் எடுக்கப் பின்னால் தொங்கவிடும் திரைத்துணியிலிருந்து வந்த நூல்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூலை எடுத்து, தூசியை ஊதிய பிறகு 81 டிகிரி 72 ஆனது. பழைய 40 நிமிடமும் திரும்பி வந்தது. புதுக் கார்டுக்கு ஒதுக்க நினைத்த பணம் பெட்டியிலேயே தங்கியது.

பேஸ்ட் மாற்றுவது

தூசி போயிற்று. ஃபேன் சுற்றுகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தாயிற்று. அப்படியும் சூடு குறையவில்லை என்றால் பேஸ்டைச் சந்தேகிக்கலாம். சில ஆண்டுகளில் அது காய்ந்து சுண்ணாம்பு போல் ஆகிவிடும்.

இதைப் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். புதியதை சிப் முழுவதும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். திருகாணிகளை ஒரே பக்கமாக முடுக்கக் கூடாது. லாரிச் சக்கரத்தின் நட்டை முடுக்குவது போல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். சிப்பைச் சுற்றியுள்ள நினைவக சிப்களின் மேல் ரப்பர் துண்டு போல மெத்தென்ற பேட் இருக்கும். அதை மாற்றினால் அதே கனத்தில்தான் வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் உலோகம் தூக்கிக் கொள்ளும். நடுச் சிப்பில் தொடர்பு விட்டுப் போகும்.

சில கடைகளில், சிப்பைச் சூட்டுக் காற்றால் பழுக்கச் சூடாக்கித் தருகிறோம், சரியாகிவிடும் என்பார்கள். அடியில் உள்ள ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தால், சூடாக்கும்போது தற்காலிகமாக ஒட்டிக் கொள்வதுண்டு. சில நாளில் மறுபடி விடும். அதற்குப் பணம் கொடுப்பது என் கணக்கில் வீண். விரிசல் எப்படி வருகிறது? சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்தால் பற்று தளரும். பெரிய நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினி சிப்கள் சிலவற்றில் வந்த பழுதைச் சரிசெய்ய 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூட்டைத் தாங்காத பலவீனமான பொருள்கள் அதற்கு ஒரு காரணம்.

கரண்டைக் குறைத்தால்

எல்லாம் செய்தும் வெயில் காலத்தில் சூடு தாங்கவில்லையா? கார்டு எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பவர் லிமிட் என்ற இடத்தில் பெரும்பாலும் 100 என்று இருக்கும். அதை 80 ஆக்கலாம். மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சூடும் குறையும். வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறையுமா? இல்லை. அதைவிடக் குறைவாகவே குறையும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் கார்டு மிக அதிக மின்சாரம் எடுக்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டினாலும் பருப்பு ஓர் அளவுக்கு மேல் சீக்கிரம் வேகாது அல்லவா? மின்கட்டணமும் கொஞ்சம் மிச்சமாகும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள். காற்று போகும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது.

கரிந்த வாடை வந்தால் மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். சுவர் சுவிட்சை அணையுங்கள். பெரிய கார்டுகளுக்குத் தனியாக மின்சாரக் கம்பி வரும். அது முழுவதும் செருகப்படாமல் இருந்தால் அந்த இடமே சூடாகி உருகிவிடும். 4090 கார்டுகள் சிலவற்றில் 2022இல் அப்படி நடந்தது.

பழைய கார்டு வாங்கும்போது

புதுக் கார்டு வாங்கக் கட்டாதவர்கள் பழையது வாங்குகிறார்கள். வாங்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஈதீரியம் என்ற கணினி நாணயத்தை உண்டாக்க உலகம் முழுவதும் இந்தக் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்த முறை நின்றது. அதன் பிறகு ஏராளமான கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும். சில கார்டுகளில் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து பலகையில் பரவியிருக்கும்.

ஆகவே கடையிலேயே 20 நிமிடம் கனமான வேலை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிகிரி திரையில் தெரிய வேண்டும். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா? ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

பில்லை எடுத்து வையுங்கள்

புதிய கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. கார்டைப் பிரித்துத் திருப்புளி வைப்பதற்கு முன் பில்லைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். வாரண்டி இருந்தால் பேஸ்ட் மாற்ற வேண்டாம். திருகாணி மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர் கிழிந்தால், வாரண்டி கிடையாது என்று சொல்லிவிடக் கூடும். வெளித் தூசியை ஊதுவதற்கு ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியதில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கார்டின் மேல் உள்ள வரிசை எண்ணை எழுதிக் கொள்ளுங்கள். செல்போனில் படமும் எடுத்துக் கொள்ளுங்கள். வாங்கிக் கொண்டதற்குச் சீட்டு கேளுங்கள். "கார்டு போச்சு" என்று சொன்னால், வேறு ஒரு கம்ப்யூட்டரில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஓடினால் கார்டு போகவில்லை. மாற்றிய பழைய ஃபேனையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருந்தும் செய்து தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியலாம். அழைக்கும்போது பில்லும் வரிசை எண்ணும் டிகிரி எழுதிய நோட்டும் கையில் இருக்கட்டும்.